அமாவாசைக்கு முந்தின நாள்

பிள்ளையார்பாளையத்துல அம்சவேணி வாயைத் திறந்தா அடுத்த தெருவுல தறி நெய்யறவங்க கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்திக் கேப்பாங்க. அப்படிப்பட்டவ அன்னிக்கு வாயடைச்சுப் போய் உக்காந்திருந்தா. பசுமைத் தீர்ப்பாயம் இதுதான் கடைசி வாய்ப்புன்னு சொல்லிடுச்சு. தெருவுல இருக்கற சாயப்பட்டறை அத்தனையோட கழிவும் குழாய் வழியா பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போவுது. அங்கேருந்து வெளியே வர்ற தண்ணி இந்த வாட்டியும் சோதனையில தேறலேன்னா எல்லாப் பட்டறைக்கும் பூட்டு. அவளும் புருஷன் வேல்முருகனும் கல்யாணமான நாள்லேர்ந்து பட்டு நூலுக்குச் சாயம் போட்டுப் பொழைக்கற பட்டறையும் அதுல ஒண்ணு.

கேஸ் போட்டவர் செவிலிமேட்டு விவசாயி பரசுராமன். அவரு கெணத்துல சாயம் எறங்கிடுச்சு, பாவம், அவரும் என்னதான் பண்ணுவாரு? ஆனா அந்த நியாயத்தைப் பட்டறைத் தெருவுல போய்ப் பேச முடியுமா? ஏற்கெனவே ரெண்டு சோதனை நடந்துச்சு, ரெண்டுலயும் தோல்வி. நிலையத்துத் தண்ணி போவற வாய்க்கால்ல செவப்பா வந்ததும் பரசுராமன் போன் போடுவாரு, அதிகாரிங்க வந்து பாட்டில்ல பிடிச்சுக்கினு போவாங்க. ரெண்டு வாட்டியும் அது அமாவாசைக்கு முந்தின நாளா அமைஞ்சிடுச்சு. இப்போ அந்த மனுஷன், கடைசித் தண்ணி மாதிரியையும் அதே நாள்லதான் எடுக்கணும்னு தீர்ப்பாயத்துலயே கேட்டு வாங்கிட்டாரு.

"நம்மள ஒழிக்கணும்னே நாள் பார்த்து வெச்சிருக்காரும்மா," அப்படீன்னாரு சாயக்காரர் சங்கத் தலைவர் சபாபதி.

அம்சவேணிக்குப் பத்திக்கினு வந்துச்சு. முந்தானையை இழுத்துச் செருகிக்கினு நேரா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனா. அங்கே பொறுப்புல இருந்தது துர்கான்னு ஒரு இன்ஜினீயர் பொண்ணு.

"ஏம்மா, மாசம் பூரா ஓடற மிஷினு அந்த ஒரு நாள் மட்டும் படுத்துக்குதா? அந்தப் பரசுராமன்கூட ஏதாவது கூட்டா?"

துர்கா கோவிச்சுக்கல. "அக்கா, நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். மத்த நாள்ல தண்ணி நல்லாத்தான் வெளியே போவுது. அந்த ஒரு நாள் மட்டும் உள்ள வர்றதே கொழம்பு மாதிரி வருது, மிஷினு தாங்கல. அன்னிக்கு உங்க தெருவுல அப்படி என்ன பண்றீங்க?"

ஒண்ணும் பண்ணலேன்னு சொல்ல வாயைத் திறந்தா அம்சவேணி. திறந்த வாய் அப்படியே நின்னுடுச்சு.

அமாவாசைக்கு அந்தத் தெருவுல தறி ஓடாது, சாய அடுப்பும் எரியாது. பட்டறையைக் கழுவி, அண்டாவுக்கும் கழிவுத் தொட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, சூடம் காட்டுவாங்க. அதுக்காக, மாசம் முழுக்கத் தொட்டி அடியில சேர்ந்த கசடை முந்தின நாளே கலக்கித் திறந்து விட்டுடுவாங்க. எல்லாரும், ஒரே நாள்ல. பரசுராமன் எங்கே நாள் பார்த்தாரு? நாள் குறிச்சுக் குடுத்ததே இவங்கதான். அடப்பாவமே, நம்ம கையாலேயே நம்ம பட்டறைக்குப் பூட்டுப் போட்டுக்கினு, ஊரான் மேல பழி சொல்லிக்கினு இருந்தோமேன்னு அவளுக்கு அழுகையே வந்துடுச்சு.

சாயங்காலம் சங்கத்துல போய்ச் சொன்னா. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு நாள் முறை வெச்சுக்கலாம், அவங்கவங்க முறையில அவங்கவங்க தொட்டியைத் திறக்கலாம், அவ்வளவுதான்.

சபாபதி எழுந்தே நின்னுட்டாரு. "அப்போ கசடு கெடக்கற தொட்டிக்குச் சூடம் காட்டச் சொல்றியா? குடும்பத்துக்கு ஆவாதும்மா."

"பூட்டிக் கெடக்கற பட்டறைக்குக் காட்டினா மட்டும் ஆவுமாண்ணா?"

ஆனாலும் யாரும் சரின்னு சொல்லல. வேல்முருகனே வீட்டுக்கு வந்து, "எதுக்கு வம்பு, நாம மட்டும் ஏன் முன்னாடி நிக்கணும்?"ன்னு முணுமுணுத்தாரு. அவ கேக்கல. கடைசி சோதனைக்கு முன்னாடி ஒரு அமாவாசை மிச்சம் இருந்துச்சு. அன்னிக்குக் கசடு கெடக்கற தொட்டிக்கே குங்குமம் வெச்சு, தெருவே வேடிக்கை பார்க்கச் சூடம் ஏத்தினா. சாமியை நெனைச்சுக்கினு கண்ணை இறுக்கி மூடிக்கினா.

இடி விழல. புருஷனுக்குக் காய்ச்சல் கூட வரல. மறுவாரம் அவ அரக்குச் சாயம் போட்ட நூல் அத்தனை பளபளப்பா வந்துச்சு. அதைப் பார்த்துட்டு பக்கத்துப் பட்டறை தேவிப்ரியா வந்து தனக்கும் ஒரு நாள் முறை போடச் சொல்லிக் கேட்டா, அவ பின்னாடி இன்னும் நாலு பேரு. எல்லாருக்கும் கடைசியா சபாபதி வந்து, எங்கேயோ பார்த்துக்கினு, "எனக்கு வெள்ளிக்கிழமை வேணாம், வேற ஏதாவது குடு"ன்னாரு.

சோதனை நாளும் வந்துச்சு. தெருவே சுத்திகரிப்பு நிலையத்துல கூடிடுச்சு. அதிகாரிங்க பாட்டிலோட நின்னாங்க, பரசுராமன் தனியா ஒரு பாட்டில் எடுத்துக்கினு வந்திருந்தாரு. குழாய்லேர்ந்து தண்ணி வந்துச்சு. செவப்பு இல்ல, மஞ்சள் இல்ல, நுரை இல்ல. பரசுராமன் பாட்டிலை வெயில்ல தூக்கிப் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, மூடிப் பையில போட்டுக்கினு கெளம்பிட்டாரு.

ரிசல்ட் வந்த அன்னிக்குத் தேறிடுச்சுன்னு துர்காவே ஓடி வந்து சொன்னா. பட்டறைங்க நடக்கலாம், மாசா மாசம் சோதனை உண்டுன்னு தீர்ப்பு. தெருவுல வெடிச் சத்தம் காதைப் பொளந்துச்சு. சபாபதி முதல் லட்டை அம்சவேணி வாயில திணிச்சாரு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. நாங்க ஜெயிச்சுட்டோம், அதுவும் நேர் வழியில ஜெயிச்சுட்டோம்னு அழுதுக்கினே சிரிச்சா.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுல பரசுராமன் வந்து நின்னாரு. வெடிச் சத்தம் அடங்கிடுச்சு. மறுபடியும் கேஸான்னு எல்லாரும் அவரு மூஞ்சியையே பார்த்தாங்க.

அவரு துர்காவைப் பார்த்து, "சுத்தம் பண்ண தண்ணி இப்போ எங்கம்மா போவுது?"ன்னாரு.

"வாய்க்கால்லதாங்க."

"வீணாத்தானே போவுது. ஒன்றரை ஏக்கர்ல சவுக்கு வெச்சிருக்கேன்." தொண்டையைச் செருமிக்கினு அம்சவேணி பக்கம் திரும்பினாரு. "உங்க தெருத் தண்ணிய என் பக்கம் கொஞ்சம் திருப்பி விடுவீங்களாம்மா?"