ஆஃப் பண்ணி ஆன் பண்ணு

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று பில்கிஸ் டீச்சர் கேட்டார். தலைப்பும் அவரே கொடுத்தார்: 'வெளிநாட்டில் என் விடுமுறை நாள்'.

"ஆம்பூர்ல பாதிப் பேரு ஃபாரின் போய்ட்டு வந்தவங்கதான் ண்ணா. ஆனா கேட்டா எழுதித் தர்றவரு நீங்க ஒருத்தருதான்."

நான் ஷூ கம்பெனியில் லைன் டெக்னீஷியன். போன வருடம் அடிஸ் அபாபாவுக்கு மூன்று மாதம் அனுப்பினார்கள். அங்கே ஒரு தொழிற்சாலையில் புது லைன், அதாவது மெஷின் வரிசை, போட வேண்டும். அந்த மூன்று மாதத்தில் எனக்கு முழுதாகக் கிடைத்த விடுமுறை நாள் ஒன்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தினமும் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் சேரும்வரை எழுதுகிறேன். கையெழுத்து கோணுகிற இடங்களில் சாலையில் பள்ளம் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'எத்தியோப்பியா மலைகள் சூழ்ந்த அழகிய நாடு.' (அடித்துவிட்டேன். மலையை நான் பார்த்தது தொழிற்சாலை ஜன்னல் வழியாக.)

இரண்டாவது தொடக்கம்: 'அன்று ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி சௌந்தர்யா போனில் கூப்பிட்டு' (இதையும் அடித்துவிட்டேன். அந்த ஞாயிறன்று அவள் இறந்து பதினான்கு மாதம். ஒரே ஒரு வரி உயிரோடு வைத்துப் பார்த்தேன். வாக்கியத்தில் எந்தத் தவறும் இல்லை.)

மூன்றாவது தொடக்கம்: 'லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது.'

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

3

லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது. காலை எட்டு மணி. மவுஸ் அம்பு நகரவில்லை, எந்த விசையும் வேலை செய்யவில்லை. உள்ளே விசிறி மட்டும் ஸ்கைவிங் மெஷின் மாதிரி கத்தியது. (தோலின் ஓரத்தைச் சீவும் மெஷின். பக்கத்தில் நின்று பேச முடியாது.)

அது சௌந்தர்யாவின் லேப்டாப். அவளும் பில்கிஸும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு சுடுகிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று எழுந்து போனாள். டெங்கு. ஐந்து நாள்.

பதிமூன்று கேள்விகள் முடிந்திருந்தன. பதினான்காவது இப்படி நின்றது: 'பின்வருவனவற்றுள் எது'. அதற்கு அப்புறம் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. சேவ் செய்யவில்லை.

பதினான்கு மாதமாக அந்த லேப்டாப்பை நான் அணைத்ததே இல்லை. மூடி வைப்பேன், திறப்பேன். என் வேலையைத் திரையில் வேறு ஜன்னலில் பார்ப்பேன். அந்தப் பக்கம் பின்னால் அப்படியே நிற்கும். சென்னை விமான நிலையத்தில் சோதனைக்காரர் "ஆன் பண்ணிக் காட்டுங்க" என்றார். அது ஆனில்தான் இருந்தது. அவருக்கு என் மேல் சந்தேகம் வந்தது.

சேவ் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சேவ் செய்தால் அது கோப்பு. பெயர், தேதி எல்லாம் வந்துவிடும். இப்போது இருப்பது அவள் பாதியில் எழுந்துபோன பக்கம். வந்து உட்கார்ந்தால் தொடரலாம். இதைவிட நன்றாக எனக்கு விளக்க வரவில்லை.

4

தபரேஸுக்கு போன் செய்தேன். பில்கிஸின் கணவன், என் தோஸ்த். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தோம். ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"முடியாது."

"இன்னாத்துக்கு முடியாது? பட்டன் ஒடஞ்சி போச்சா?"

"இல்ல. ஆஃப் பண்ணாம சரி பண்ணணும்."

"டேய், எட்டு வருசமா கடை வெச்சிருக்கேன். நான் கத்துக்கிட்ட வித்தையே அது ஒண்ணுதான். அதையும் வேணாம்னா நான் இன்னா பண்ணட்டும், ஓதி ஊதட்டுமா?"

பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"போட்டோ எடுத்துக்கோடா."

"எடுத்துட்டேன். ஒம்பது."

"அப்றம் இன்னா பேஜாரு?"

"போட்டோல கர்சர் மினுக்காது."

"இப்ப மினுக்குதா?"

"இல்ல. அதான் ஹேங் ஆயிருக்குல்ல."

"அப்ப லேப்டாப்பும் இப்ப போட்டோதான்டா."

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தபரேஸ் இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் இல்லை. கதாபாத்திரம் ஆசிரியரை மிஞ்சுகிறது. ஆனால் இந்த வாக்கியத்தை அவன் நிஜமாகவே சொன்னான். நடுவில் இருந்த கெட்ட வார்த்தைகளை மட்டும் நான் எடுத்திருக்கிறேன். மலரை மாணவர்கள் படிப்பார்கள்.)

"சூடு ஜாஸ்தியா இருந்தா கூல் பண்ணிப் பாரு. சில சமயம் தானா வுடும்" என்றான் கடைசியில். பாவம், ஆறுதலுக்குச் சொன்னது.

5

கூல் பண்ணு என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஃபேன் தோன்றும். ஜன்னல் தோன்றும்.

எனக்கு சில்லர் தோன்றியது. பசை போட்டு சோல் ஒட்டின ஷூ சூடாக வரும். அதைக் குளிர்ந்த கூண்டுக்குள் பெல்ட்டில் விடுவோம். மறுபக்கம் ஜில்லென்று, கெட்டியாக வெளியே வரும். ஷூவுக்கு ஒத்து வருவது எதற்கும் ஒத்து வரும் என்று நம்புகிற ஊர்க்காரன் நான். எங்கள் கம்பெனியில் கூழ் முதல் ஈரச் சட்டை வரை அந்த மெஷின்களில் போய் வந்திருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு, விடுதியிலிருந்து எதிரே இருந்த தொழிற்சாலைக்குப் போனேன். மழைக்காலம். ஒரு கையில் குடை. கேட்டில் இருந்த காவலர் திரையை எட்டிப் பார்த்தார். "ரீஸ்டார்ட்?" என்றார். தமிழும் தெரியாது, ஆங்கிலத்தில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அந்தப் பத்தில் இது ஒன்று.

சில்லரை மட்டும் ஆன் செய்து, லேப்டாப்பை பெல்ட்டில் வைத்தேன். நாற்பத்திரண்டாம் நம்பர் ஷூ போகும் வேகத்தில் அது உள்ளே போனது. மறுபக்கம் போய்க் காத்திருந்தேன். விசிறிச் சத்தம் குறைந்து வெளியே வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நிமிடத்தில் திரை வியர்த்தது.

குளிர்ந்த பொருள் ஈரக் காற்றில் பட்டால் நீர் படியும். இது ஏழாம் வகுப்பு அறிவியல். (அவளுடைய வினாத்தாளில் ஒன்பதாவது கேள்வியே இதுதான். ஒரு மதிப்பெண். பதினான்கு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.)

பேக்கிங் பகுதிக்கு ஓடினேன். ஷூ பெட்டிக்குள் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மூட்டையாக இருந்தன. பெரிய அட்டைப்பெட்டியில் லேப்டாப்பை வைத்து, சுற்றிலும் கொட்டினேன். முந்நூறு பொட்டலம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. காலையிலிருந்து எனக்குக் கிடைத்ததில் 'ரீஸ்டார்ட் பண்ணு' இல்லாத ஒரே அறிவுரை.

6

இந்தப் பகுதியை வேண்டுமானால் விட்டுவிட்டுப் படிக்கலாம். இதில் நான் முட்டாள்.

நகரத்தில் ரிப்பேர் கடை ஒன்றுக்கு போன் செய்திருந்தேன். "நான்கு மணிக்கு வா, ஆறு வரை இருப்பேன்" என்றார் கடைக்காரர். மதியம் வரை பெட்டிக்குள்ளேயே சார்ஜ் போட்டுவிட்டு, பெட்டியோடு மினிபஸ் ஏறி, சரியாக நான்கு மணிக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்தில் காப்பி விற்ற அம்மாள் என் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சிரித்தார். அந்த ஊரில் விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள். அவர்களுடைய நான்கு மணி நம்முடைய காலை பத்து. கடைக்காரர் எனக்காகக் காத்திருந்து, மூடிவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து வாரமாக அங்கே இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலை எங்கள் கடிகாரத்தில் ஓடியது, அதனால் தெரிந்துகொள்ளவில்லை.

காப்பி வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் திரை இன்னும் எரிந்தது. பேட்டரி அளவும் ஹேங் ஆன நேரத்து எண்ணிலேயே நின்றிருந்தது. உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது.

'அப்போது என் கண்களில்'

(இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. காப்பி நன்றாக இருந்தது.)

7

போன் அடித்தது. தபரேஸ் நம்பர், பேசியது பில்கிஸ்.

"அண்ணா, இவரு இப்பதான் சொன்னாரு. அந்த கொஸ்டின் பேப்பருக்கா இப்டி அல்லாடுறீங்க?"

"ஆமா டீச்சர்."

"அந்த எக்ஸாம் அப்பவே முடிஞ்சு போச்சேண்ணா."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவ படுத்ததும் எச்எம் என்னண்ட குடுத்துட்டாரு. அவ போன் பண்ணி பதிமூணு கேள்வியும் சொன்னா, ஜுரத்தோட. மீதி பன்னெண்டு நான் போட்டேன். பசங்க எழுதி, திருத்தி, பாஸாயி இப்ப எட்டாவதும் முடிக்கப் போறாங்க. அதுல ஒருத்தன் மீசை வெச்சிருக்கான்."

"பதினாலாவது?"

"இன்னா?"

"பதினாலாவது கேள்வி இன்னான்னு சொன்னாளா?"

"கேட்டேன். 'அது இன்னும் யோசிக்கல, நீயே ஏதாச்சும் போட்டுக்கோடி'ன்னா. நான் தவளையப் பத்திப் போட்டேன்."

மழை வலுத்தது. காப்பி அம்மாள் என்னைக் கேட்காமலே பெட்டியின் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டார்.

"அண்ணா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா."

8

முடிவுகள்.

ஒன்று: பேட்டரி தானாகத் தீர்ந்தது. யார் மேலும் குற்றமில்லை. (கோழை முடிவு. இரண்டு நாள் இதைத்தான் வைத்திருந்தேன்.)

இரண்டு: கர்சர் திடீரென்று மறுபடி மினுக்கியது. (இதை எழுதிய அன்று பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். அடித்துவிட்டேன்.)

மூன்று நடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, பொட்டலங்களை ஒதுக்கி, பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை இருண்டது. விசிறி நின்றது. அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நின்ற பிறகுதான் தெரிந்தது. மறுபடி அழுத்தினேன். எழுந்துகொள்ள அது நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது.

பில்கிஸிடமிருந்து போனை வாங்கி, தபரேஸ் லைனிலேயே இருந்தான்.

"ஆன் ஆச்சா?"

"ஆச்சு."

"காலைலயே சொன்னேன். ஒரு நாளு லீவு பூரா வேஸ்ட்டு. அந்தப் பக்கம் இன்னாச்சி?"

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. சேவ் செய்யாத பக்கம் ஒன்று மீட்கப்பட்டிருக்கிறது, வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று கேட்டது. அவ்வளவு நாளும் அது தானாக எங்கோ ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

பில்கிஸ் டீச்சர் இந்தக் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறார்: 'வைத்துக்கொள் என்று முடியுங்கள் அண்ணா, பிள்ளைகள் படிப்பது.' தபரேஸ் அதற்குக் கீழே எழுதியிருக்கிறான்: 'நீக்கிட்டேன்னு போடு, அப்பதான் கதை.' இருவரில் யார் சொல்வது சரி என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. நான் எதை அழுத்தினேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

கட்டத்தில் இரண்டு பட்டன்கள் மட்டும் இருந்தன. அப்புறம் பார்க்கலாம் என்று மூன்றாவது ஒன்றைத் தேடினேன். இல்லை.

ஒன்றை அழுத்தினேன்.