ஏழாவது புகார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உமக்கு ஏது கற்பனை, எல்லாம் ஒட்டுக்கேட்டதுதானே என்று பின்னால் யாராவது கேட்டால் சங்கடம். ஆமாம், ஒட்டுக்கேட்டதுதான். செஞ்சியில் பல்கலைக்கழகத்தின் விரிவு மையம் ஒன்று இருக்கிறது. அதன் நூலகத்துக் குழாயடியில், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நின்று கேட்டேன்.

"இருக்கறதே அஞ்சு ஃபேனு. ஒண்ணுதான் சுத்துது. அத்தினி பேரும் அதும் கீழயே குந்த முடியுமா?" என்றான் ஒரு பையன்.

"குந்தலாம். கைய நீட்டி எழுதத்தான் முடியாது," என்றாள் ஒரு பெண்.

அவ்வளவுதான், எனக்கு உள்ளம் கொதித்துவிட்டது. படிக்க இடமில்லாமல் இந்தப் பிள்ளைகள் படும் பாட்டை ஊருக்குச் சொல்லாவிட்டால் நான் எழுதி என்ன பிரயோசனம் என்று தோன்றியது.

நான் மாணவன் இல்லை. பெயர் தாண்டவராயன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வெளியாட்களுக்குக் கொடுக்கும் வாசகர் அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் மாலையானால் மருமகள் டியூஷன் எடுக்கிறாள். கூடம் முழுக்கப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது எந்தக் கதாபாத்திரமும் என்னோடு பேச வருவதில்லை. அதனால் தினமும் மாலை நூலகத்துக்கு வந்து எழுதுகிறேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: 'ராஜகிரி மலையின் நிழல் மெல்ல நீண்டு ஊரின் மேல்' (விட்டுவிட்டேன். செஞ்சியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாலே கோட்டை வந்து காகிதத்தில் சம்மணம் போட்டுக்கொள்கிறது. அதைப் பார்க்கத்தான் தினமும் வேன் வேனாக ஆட்கள் வருகிறார்களே, நான் வேறு எதற்கு?)

இரண்டாவது: 'கல்வி என்பது ஒரு சமுதாயத்தின்' (முடிக்கவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது: 'பூங்குழலிக்கு உட்கார இடமில்லை.'

இது நிற்கும். மேலே போகலாம்.

2

பூங்குழலி நான் வைத்த பெயர். நிஜப் பெயர் தெரியாது. தினமும் நான் வந்து உட்கார்ந்து ஒரு பத்தி எழுதி முடிக்கிற நேரத்துக்கு அவள் உள்ளே வருவாள். கையில் டிபன் பாக்ஸ். கை ஈரமாக இருக்கும், துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வருவாள். வாசலில் நின்று கூடத்தை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு, வேறு வழியில்லாதவள் போல, செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்து மூலை நாற்காலிக்குப் போவாள்.

அந்த மூலையில் மின்விசிறி கிடையாது. பக்கத்து ஜன்னல் சாலையைப் பார்த்தது. திருவண்ணாமலை பஸ் ஒவ்வொன்றும் அங்கே வந்துதான் ஹாரனைச் சரிபார்க்கும்.

பூங்குழலி புள்ளியியல் புத்தகத்தை விரித்தாள். சித்திரை மாதத்து வெக்கை கழுத்தில் வழிந்தது. ஒரு கணக்கின் நடுவில் பஸ் அலறியது, எண் மறந்துபோனது. திரும்ப முதலிலிருந்து போட்டாள். திரும்ப பஸ். பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளை உதறி மடித்தார். பூங்குழலி பென்சிலைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இந்த ஒரு பாடம்தான் பாக்கி. இதைத் தாண்டினால் பட்டம்.

இதைக் கற்பனை என்று நினைக்காதீர்கள். ஒருநாள் வராந்தாவில் அவள் போனில் பேசியதைக் கேட்டேன். (ஆமாம், மறுபடியும் ஒட்டுக்கேட்டதுதான்.) "இது கடைசி சான்ஸும்மா. இதுலயும் போச்சுன்னா அப்பறம் எழுதவே வுட மாட்டாங்க. வூட்டுல எப்டிம்மா படிக்கறது? பின்னாடியே மல்லாட்டை ஒடைக்கற மெஷினு ஓடுது," என்றாள். (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.) என் கதைக்கு உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் சந்தோஷத்தை என்ன சொல்வது.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை அரித்தது. இவ்வளவு அவசரத்தில் இருக்கிற பெண் ஏன் தினமும் தாமதமாக வந்து அந்தப் பாழாய்ப்போன மூலையில் உட்காருகிறாள்? காரணமில்லாமல் ஒரு பாத்திரம் நாற்காலியில் உட்காரக்கூடாது.

காதல் என்று வைத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பையன், ஒரு பைக். (ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தப் பெண் ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் திரும்பியதில்லை.) அப்புறம், எங்கோ ஓட்டலில் வேலை செய்துவிட்டு வருகிறாள் என்று வைத்தேன். டிபன் பாக்ஸ், ஈரக் கை, எல்லாம் பொருந்தியது. துப்பறியும் புத்தி எனக்கும் உண்டு என்று பெருமையாகக்கூட இருந்தது.

3

கதையை நிறுத்தி ஒரு விதியைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் வரைக்கும் இந்த நூலகத்தில் இடம் பிடிப்பது பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரி நடந்தது. காலையில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை விழும். துண்டு விழும். ஒருவன் ஹெல்மெட்டைக்கூட இறக்கினான். ஒருநாள் நூலகர் கோதண்டராமன் கூடத்துக்கு வந்து பார்த்தால் எல்லா நாற்காலியிலும் பொருள், ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. வெளியே நாலு பேர் உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள். அதில் ஒரு பெண் அவர் மேசைக்கு வந்து, துணிக்கு நாற்காலி கொடுக்கிறீர்கள், எங்களுக்கு இல்லையா என்று சண்டை போட்டாளாம். மறுநாள் சுவரில் விதி ஒட்டப்பட்டது: நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். எழுந்து போனால் இடம் போச்சு. பொருள் வைத்துப் பிடிக்கக்கூடாது.

நல்ல விதி. நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அந்த விதி வந்ததிலிருந்து தினமும் மாலை நான் நுழைகிறபோது, சுற்றுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே அந்த ஒரே நாற்காலி எனக்காகவே காலியாக இருக்கிறது.*

* உட்கார்ந்தால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

வரும் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து குழு ஒன்று குறை கேட்க வருகிறதென்று அறிவிப்பு வந்தது. மறுநாள் சேரன் என் மேசைக்கு வந்தான். குழாயடியில் ஃபேனைப் பற்றிப் பேசிய அதே பையன். கையில் வெள்ளைத்தாள்.

"சார், நீங்க எழுதறவரு. நாங்க எழுதினா திட்டற மாதிரி வருது. நான் சொல்றேன், நீங்க மரியாதையா எழுதிக் குடுங்க சார்," என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரங்களே ஆசிரியரைத் தேடி வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? பேனாவை உதறிக்கொண்டு தயாரானேன்.

"ஒண்ணு, ஃபேனு. ரெண்டு, ப்ளக் பாயிண்டு. மூணு, குடிக்கற தண்ணி சூடா வருது. நாலு, புக்கெல்லாம் மேல் தட்டுல இருக்குது, ஏணி கெடையாது. அஞ்சு, ஞாயித்துக்கெழம பூட்டிடறாங்க. ஆறு..." சேரன் கோதண்டராமன் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சைலன்ஸ் சைலன்ஸ்னு நூலகர் சார் போடற சத்தம்."

"குரங்கு?" என்றேன். கோட்டைக் குரங்குகளின் தொல்லை வாசல் வரைக்கும் உண்டு. குரங்கு இருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும்.

"அது வேணாம் சார். அதுங்க நம்ம ஊரு ஆளுங்க."

குரங்கை விட்டேன். "ஏழு?"

சேரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வெளியாளு ஒருத்தரு சார். படிக்கற பசங்க இல்ல. தெனமும் வராரு. இருக்கறதுல ஒரே நல்ல சீட்டுல குந்திக்கறாரு."

எனக்குக் கோபம் வந்தது. மாணவர்கள் இந்தப் பாடு படுகிறார்கள், இவர் யார் பெரிய மனிதர் நடுவில்? 'மாணவரல்லாத நபரொருவர் சற்றும் பொறுப்பின்றி' என்று அழுத்தி எழுதினேன்.

"எழுதறப்போ பேசிக்கினே எழுதறாரு சார். ஆம்பள கொரல்ல கொஞ்சம், பொம்பள கொரல்ல கொஞ்சம்."

'இருபாற் குரலிலும் மாறிமாறி உரையாடியபடி' என்று எழுதினேன். எழுதும்போதே வாயால் சொல்லிக்கொண்டுதான் எழுதினேன். பேனா அங்கே நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். சேரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுங்க சார். நல்லாத்தான் வருது," என்றான்.

பெரியவரை முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆகவே என்னையே எழுதவைத்துவிட்டான். இவனைப் போய் வெறும் துணைப்பாத்திரமாக வைத்திருந்தேன்.

5

அந்த நேரத்தில்தான் பூங்குழலி வந்தாள், டிபன் பாக்ஸோடு, கையைத் துடைத்துக்கொண்டே.

"ஏழ அடிச்சிடு சேரா. நான்தான் வேணாம்னு சொன்னேன் இல்ல," என்றாள்.

"நீ கம்முனு இரு சந்தனா. பரிட்சைய வெச்சிக்கினு எத்தினி நாளு மூலையில குந்துவ?"

(அவள் பெயர் சந்தனா. பூங்குழலி என்று மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். நான் எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு எழுதினேன் என்பதற்கு அது அங்கேயே கிடக்கட்டும்.)

நான் எழுந்து நின்றேன். "இது உன் இடமா அம்மா?"

"காலையிலேருந்து இங்கதான் சார் இருப்பேன். சாப்ட போய்ட்டு வர்றதுக்குள்ள நீங்க வந்துடுவீங்க."

"இந்த நேரத்தில் என்ன சாப்பாடு?"

"நாங்க ஜைனரு சார். பொழுது சாஞ்சா சாப்ட மாட்டோம். கடைசி பஸ்ஸுல வூட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடும். உள்ள சாப்டக் கூடாது, வெளிய கொரங்கு புடுங்கிக்கும். பஸ் ஸ்டாண்டுல எங்க ஊரு பஸ்சு நிக்கும். அதுல ஏறி உக்காந்து சாப்ட்டுட்டு எறங்கி வந்துடுவேன்."

காதலும் இல்லை, ஓட்டலும் இல்லை. நிற்கிற பஸ்ஸில் ஒரு டிபன் பாக்ஸ். மூன்று வாரமாக இந்தப் பெண்ணுக்கு இடமில்லையே என்று நான் உருகி உருகி எழுதியது, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து.

கோதண்டராமன் தன் மேசையிலிருந்தே சொன்னார்: "ரூல் போடச் சொல்லி சண்ட புடிச்சதே இந்தப் பொண்ணுதான் சார். இன்னாம்மா, சொல்ல வேண்டியதுதானே?"

"அதான் சார். ரூலு கேட்டதே நானு. இப்ப எனக்கு மட்டும் சீட்டு புடிச்சி வைங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?"

"என்னிடம் சொல்லியிருந்தால் எழுந்திருப்பேனே," என்றேன்.

"நீங்க எழுதிக்கினு இருந்தீங்க சார். பாதியில எழுப்பினா வுட்டுப் பூடும்னு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. நான் எழுதுவதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இதுவரை வீட்டில்கூட யாரும் நினைத்ததில்லை. கடைசி வாய்ப்பைக் கையில் வைத்திருந்த பெண் மூலையில் வெந்துகொண்டு அதை நினைத்திருக்கிறாள்.

"இன்னா சார் எழுதறீங்க?" என்று கேட்டாள்.

"படிக்க இடமில்லாத மாணவர்களைப் பற்றி," என்றேன். சேரன் சிரிப்பை அடக்கப் பக்கத்து அலமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

6

இனி முடிவு. சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை குழு வந்து, புகாரைப் படித்து, ஐந்து மின்விசிறியையும் ஓடவிட்டது. (நீங்களே நம்ப மாட்டீர்கள். குழு வந்தது, டீ சாப்பிட்டது, கோட்டைக்குப் போகிற வழி கேட்டது. புகார் பரிசீலனையில் இருக்கிறது, ஏழாவதோடு சேர்த்து. அதை அடிக்க வேண்டாமென்று நான்தான் சொன்னேன்.)

சந்தனாவுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார் கோதண்டராமன். (தளர்த்தத்தான் பார்த்தார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.)

இனி அந்தப் பக்கமே வருவதில்லை என்று ஆசிரியர் தியாகம் செய்தார். (இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்ணீரோடு எழுதினேன். ஆனால் நான் வராவிட்டால், அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் வேறொருவன் வந்து உட்காருவான். தியாகத்தால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது, எனக்குத்தான் நல்ல பெயர்.)

அப்போதுதான் சுவரில் இருந்த விதியை ஒழுங்காகப் படித்தேன். நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். பொருள்தானே கூடாது? நான் பொருளா? கோதண்டராமனிடம் கேட்டேன். வெகுநேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளுதான் சார். ரூல்ல எடமிருக்குது," என்றார்.

சந்தனாவும் யோசித்தாள். விதி உடையவில்லை என்று நிச்சயமான பிறகுதான் தலையாட்டினாள்.

7

ஆக, இப்போது நான் சந்தனாவின் துண்டு.

அவள் டிபன் பாக்ஸோடு எழுந்ததும் உட்காருவேன். அவள் திரும்பி வந்ததும் எழுந்துவிடுவேன். அவள் சாப்பிடுகிற நேரம்தான் எனக்கு எழுதுகிற நேரம். ஐந்தாம் பகுதியை எழுத மூன்று டிபன் பாக்ஸ் ஆனது. சத்தமில்லாமலும் எழுதப் பழகிவிட்டேன், உதடு மட்டும் கொஞ்சம் அசைகிறது என்று சேரன் சொல்கிறான்.

நாளைக்குப் பரீட்சை. அவள் தேறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். தேறினாள் என்று எழுத இரண்டு நிமிடம் போதும், ஆனால் அவள் இன்னும் பேப்பரையே பார்க்கவில்லை. தேறவேண்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது. நான் மூலையில் உட்காரவைத்த மூன்று வாரத்தை எதைக் கொடுத்துத் திருப்புவது?

கடைசிப் பத்தி ஒன்று மனசில் தயாராக இருக்கிறது. நல்ல பத்தி. மழை வருகிறது அதில், எல்லா மின்விசிறியும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கி, கூடத்தில் இருந்த அத்தனை காகிதமும்

அவள் வந்துவிட்டாள். இன்றைக்குப் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து வந்திருக்கிறாள் போலிருக்கிறது. என் பக்கத்தில் நிற்கிறாள்.

"முடிச்சிட்டே எழுந்திரிங்க சார், பரவால்ல," என்கிறாள்.

பரவாயில்லையாம். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதுங்கள், இங்கே வேண்டாம். இந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று.