கமாத்துக்குக் கிடைத்த வெள்ளிக் கோல்

எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட வாண்டல் கூட்டத்தை ஒழித்துவிட்டு ரோமர்கள் திரும்பி வந்த மூன்றாம் வருஷம், என் அண்ணன் கமாத்துக்கு ரோம ஆளுநரிடமிருந்து கோல் வந்தது. தங்க முலாம் பூசிய வெள்ளிக் கோல். அது கையில் இல்லாதவனை எங்கள் அவ்ராஸ் மலையில் யாரும் அரசன் என்று மதிப்பதில்லை.

ஆளுநர் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். மேற்குப் பள்ளத்தாக்கில் மஸ்ராக் பணிய மறுக்கிறான். அவன் கோட்டைக்குப் பின்பக்கமாக ஏற வழி காட்ட ஓர் ஆள் வேண்டும். மஸ்ராக் வேறு யாருமில்லை, அண்ணனின் மருமகன். மகள் இத்தோவைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, சும்மா மிரட்டத்தான் போகிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆளுநர் சத்தியம் செய்திருப்பதாகச் சொன்னான்.

"நீ நம்புறியாண்ணே?"

"நம்பலேன்னா கோலை வேற எவனாவது வாங்கிட்டுப் போயிருவான்டா."

வழி காட்ட நானே கிளம்பினேன். கோட்டையின் பின்பக்கம் ஓர் ஆட்டுத் தடம் உண்டு; இத்தோவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் குறுக்கே ஏறுவது அதில்தான். நடுப்பகலில், அந்த ஊர் ஆட்கள் பார்லி அறுப்பில் இருந்தபோது, ரோமப் படையை அதில் ஏற்றிவிட்டேன்.

மிரட்டல் எதுவும் நடக்கவில்லை. வாசலிலேயே மஸ்ராக்கை வெட்டினார்கள். கிணற்றில் செத்த குதிரைகளைத் தள்ளினார்கள்.

எட்டாம் நாள் இத்தோ வெறுங்காலோடு நடந்து வந்தாள். ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் கொண்டுவந்து வைத்தோம். தொடவில்லை.

"அந்தத் தடம் வெளியாளுக்குத் தெரியாதேப்பா. யார் காட்டினது?"

ஆடு மேய்க்கிற எவனாவது காட்டியிருப்பான் என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு சித்தப்பா."

"எவனாவது இடையனாத்தான் இருக்கும்மா."

வைத்த ரொட்டியை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். பிறகு எழுந்து, தெற்கே பாலைவனத்தின் பக்கம் தன் மாமன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் தடுக்கவில்லை. விஷயம் மெல்ல வெளியே வந்ததும் எங்கள் குதிரைவீரர்களில் பாதிப்பேர் அண்ணனை விட்டு விலகிவிட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் ஆளுநர் மாறினார். மஸ்ராக்கின் தம்பி அதற்குள் ரோமர்களிடம் பணிந்திருந்தான். படையில்லாதவனுக்குக் கோல் எதற்கு என்று புதியவர் அதைப் பிடுங்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார். அவனுக்குப் பட்டம் கட்டிய அன்று அண்ணன்தான் முதலில் போய் அவன் முன்னால் குனிந்தான். அடுத்தது நான்.

இத்தோ மாமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாது. விசாரித்துப் போக எனக்கு முகமில்லை.