ஐந்து மாடிக் கட்டடத்தின் பதின்மூன்றாம் மாடி

வரைபடத்தில் ஐந்தே மாடி உள்ள அந்தக் கட்டடம் பதின்மூன்று மாடியாக வளர்ந்திருந்தது. கொத்தனார் வரவில்லை, ஒரு மூட்டை சிமெண்டும் இறங்கவில்லை. மாடிகளை ஏற்றியது லிஃப்ட் ஓட்டுகிற தம்பி. வயது நாற்பத்திரண்டு ஆனாலும் தெருவுக்கே அவன் தம்பிதான். எழுத்தும் எண்ணும் அவன் மண்டையில் ஏறவில்லை. பள்ளிக்கூடம் மூன்று வருடம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மாடிப்படி கூட்டும் அக்காதான் வளர்த்தாள். ஒரு கை விரல் வரை எண்ணவும் பழக்கினாள்.

துறைமுகத்தைப் பெரிதாக்கிய வருடம் ஊரில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். யாருக்கும் புரியாத பாஷை பேசும் தையல்காரர் ஒருவர் மனைவி, மூன்று பிள்ளைகள், தையல் மெஷினோடு வாசலில் நின்றார். இடமில்லை என்று காவலாளி கையை விரித்தார். தம்பிக்கு அது விளங்கவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு, ஐந்தாவது பொத்தானில் வைத்த கட்டைவிரலை எடுக்காமலே நின்றான். கதவு திறந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு வாசம், ஒரு தாழ்வாரம், சாவியோடு ஒரு வீடு. அடுத்த ஏழு வருடத்தில் ரொட்டி சுடுகிறவர், இரட்டைப் பிள்ளைக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ் என்று மாடிக்கொரு குடும்பம் குடியேறியது. மாடிப்படி மட்டும் ஐந்தோடு நின்றுகொண்டது. அதற்கு மேலே தம்பி இல்லாமல் லிஃப்ட் ஏறாது, இறங்காது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, அது போதும்.

நகராட்சிக்குத்தான் மூக்கில் வியர்த்தது. சனத்தொகைக் கணக்கெடுக்கும் அதிகாரி வந்தார். எண்ணத் தெரியாதவன் லிஃப்ட் ஓட்டக் கூடாதாம். எட்டு நாளில் பரீட்சை. தோற்றால் வேலை போகும், ஆளை ஊருக்கு வெளியே காப்பகத்தில் சேர்த்துவிடுவார்களாம். அங்கே போய்த் திரும்பியவர் ஒருவரையும் இந்தத் தெரு பார்த்ததில்லை.

அக்கா சட்டைப் பட்டன்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாடி எத்தனைன்னு கேப்பாரு. அஞ்சு, அதோட முடிஞ்சுதுன்னு சொல்லணும். எங்க, சொல்லு.”

“அப்ப தையக்காரர் எங்கக்கா இருக்காரு?”

“உசுர வாங்காதடா. சொல்லு.”

ஆறாம் நாள் காலை சுத்தமாகச் சொல்லிவிட்டான். அந்த நிமிடத்திலிருந்து லிஃப்ட் ஐந்துக்கு மேல் அசையவில்லை. ரொட்டிக்காரர் மேலிருந்து கத்தினார். நர்ஸ் சீருடையோடு ஜன்னலில் நின்றாள். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் போகவில்லை, அழுகை கீழ்வரை கேட்டது. அக்கா பட்டன்களை வாரி வெளியே கொட்டினாள்.

“நான் சொன்னது பொய்டா கண்ணா. முடியவே இல்ல. இன்னும் இருக்கு.”

இது மட்டும் அவனுக்கு உடனே புரிந்தது. லிஃப்ட் கிளம்பியது.

பரீட்சை நாளன்று தம்பியே அதிகாரியையும் அக்காவையும் மேலே ஏற்றிப் போனான். பதின்மூன்றாம் மாடியில், நர்ஸ் வீட்டு மேஜையில் காகிதத்தை விரித்தார் அவர்.

“மொத்தம் எத்தனை மாடிப்பா?”

தம்பி ஐந்து விரலையும் விரித்தான். “இவ்ளோ. அப்புறம் இன்னும் இருக்கு சார்.”

தோல்வி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, விறைப்பாகப் போய்த் தனியாக லிஃப்டில் நின்றார். அரை மணி நேரம் பொத்தான்களை மாற்றி மாற்றிக் குத்தினார்.

“எண்ணிப் பாத்து அழுத்துங்க சார்,” என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்தபடி.

காகிதத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார் அதிகாரி. “எறக்கி விடுப்பா.”

தம்பி இறக்கிவிட்டான். நகராட்சிப் பதிவேட்டில் மாடிகள் என்ற கட்டத்தில் ‘ஐந்து, அப்புறம் இன்னும்’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அன்று வாசலில் மூட்டையும் பெட்டியுமாக ஒரு குடும்பம் நின்றிருந்தது. தம்பி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். அவர்கள் பதினான்காம் மாடியில் இருக்கிறார்கள். நல்ல காற்றாம்.