பெருகாத பழுப்புப் புள்ளிகள்

…இதிலும் இல்லை, அடுத்ததிலாவது இருக்கும், இருந்தே ஆக வேண்டும் என்று கியோனோ கண்ணாடித் தகட்டை மாற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தாள், எலியின் ஈரல் வெளிர்நீலமாக விரிந்தது, நடுவே இரண்டே பழுப்புப் புள்ளிகள், வெறும் தீனி தின்ற எலிகளுக்கும் இதே அளவுதானே… எல்லா எலிகளுக்கும் முதலில் புற்றை விதைக்கும் ஊசி போட்டவள் அவள், ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தவளும் அவள், மிச்ச ஈரல் அவசர அவசரமாக வளரும், தீனியில் கலந்த ரசாயனம் அந்த வேகத்தில் புற்றையும் வளர்க்கிறதா என்பதுதான் சோதனை, வளர்த்தால் புள்ளிகள் பெருகும். போன வசந்தத்தில் கணவர் யசுஹருவின் ஈரலையும் கட்டியோடு இப்படித்தான் வெட்டினார்கள், கண் விழித்ததும் மனிதர் கேட்டது, "உன் எலிங்க மாதிரி எனக்கும் வளந்துடும்ல?" வளர்ந்தது, அவள் சொன்னபடியே வளர்ந்தது, வளர்ந்த ஈரலிலேயே மறுபடி கட்டி…

நகோயா அச்சகத்தில், ஜன்னலில்லாத அறையில், உருளைகளை, இப்போது எலித் தீனியில் கலந்த இதே திரவத்தால்தான் துடைத்துத் துடைத்து இருமினார், அதனால்தான் புற்று என்பதற்கு ஆதாரம் எங்கே என்றார் முதலாளி. அந்தத் திரவமே சோதனைக்கு வந்தபோது கணவரைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை, சொன்னால் விலக்கிவிடுவார்களே. இன்று காலையும் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னைக்குத் தெரிஞ்சிடும்ல? அதுதான்னு மட்டும் வரட்டும், அந்தாளு மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்" என்றார், எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

தேநீரோடு வந்த ஹிரோகானே, அவளைவிட இளைய அதிகாரி, கணினியில் ரசாயனம் தின்ற எலிகளையும் வெறும் தீனி தின்றவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தான். "நல்ல சேதிதாங்க. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல." அவள் தலையாட்டினாள், நல்ல சேதிதான், இன்னும் எத்தனை பேர் அந்தத் திரவத்தில் கை நனைக்கிறார்கள், பிறகு ஏன் அடுத்த தகட்டைத் தேடுகிறது அவள் கை, வாயில்லாத ஜீவன்களுக்குப் புற்று வரட்டும் என்றா இத்தனை மாதம் வேண்டிக்கொண்டிருந்தாள்… கடைசித் தகட்டில் ஒரு புள்ளிகூட இல்லை, பார்க்க அழகாகக்கூட இருந்தது அந்த ஈரல். எலிக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை, மனிதனுக்குச் செய்யலாமே என்று சொல்லிப் பார்க்கலாமா, நம்புவாரா, அவளே நம்புவாளா… கோபப்பட ஆளில்லாமல் அந்த மனிதர் எப்படிச் சாவார். யோசித்துப் பார்த்தால் நோய் வந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்து பேசியதெல்லாம் முதலாளியைத் திட்டித்தான், அதற்கு முன்பு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர்கள் என்னதான் பேசிக்கொண்டிருந்தார்கள்…