இரண்டாவது பிரேக்

பால் பொங்கியதிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுப்புக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்த மாஸ்டர், பால் எழும்புவதைப் பார்த்தார், வழிவதையும் பார்த்தார். "வழியறது பாலோட இயல்பு. அதுக்கு நான் ஏன் கலங்கணும்?" என்றார். அவர் மனைவி கைப்பிடித் துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "துடைக்கறது உங்க இயல்பு" என்றாள்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கொஞ்ச நாளாக அந்தக் காலத்து கிரேக்க, ரோமாபுரி ஸ்டோயிக் ஞானிகளின் தத்துவம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் எதையும் இரண்டாகப் பிரித்துவிடலாமாம்: நம் கட்டுப்பாட்டில் இருப்பது, இல்லாதது. இல்லாததற்கு அலட்டிக்கொள்ளாதே, இருப்பதை ஒழுங்காகச் செய். நல்ல தத்துவம்தான், யார் இல்லையென்றது? ஆனால் மனுஷன் முதல் பாதியோடு நின்றுவிட்டார். கழன்ற கதவுக் கைப்பிடி, மாமியார் வருகை, ஒழுகும் குழாய் எல்லாமே இல்லாத பக்கம் போய்ச் சேர்ந்தன. குழாயைக் கொஞ்சம் முறுக்கினால் நிற்குமே என்று மனைவி கேட்டதற்கு, "நிக்கறதும் நிக்காததும் குழாயோட முடிவு" என்றார்.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அவரிடமே ஓட்டக் கற்று, டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டாவது தடவையும் ஃபெயிலானபோதுதான் பொறுமை பறந்தது. அவள் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க ஓர் ஆளைப் போடப் போகிறார்கள், காரும் கொடுக்கிறார்கள். "இந்த வாரத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டா வேலை உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னல் இல்லாத அறையில் வருஷக்கணக்காக ஊரார் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கார்ச் சாவி கனவில்கூட வந்தது. மூன்றாவது டெஸ்ட் நாளைக்கு.

"உங்ககூட ஓட்டும்போது வண்டி வெண்ணெய் மாதிரி நிக்குது. டெஸ்ட்டுக்குப் போனா மட்டும் குதிக்குது. போன தடவை இன்ஸ்பெக்டரோட கண்ணாடி எகிறி டாஷ்போர்டுல விழுந்துச்சு. ஏங்க அப்படி?"

"முடிவு நம்ம கட்டுப்பாட்டுல இல்லம்மா. என்கிட்ட கத்துக்கறவங்க எல்லாருமே முதல் தடவை ஃபெயிலாகறாங்க. நான் கவலைப்பட்டேனா?"

எல்லாருமேவா? அவளுக்கு என்னவோ உறுத்தியது.

அன்று சாயங்காலம் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். மாஸ்டர் பக்கத்து சீட்டில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, மனசைக் குளம்போல் வைத்துக்கொள்வது எப்படி என்று விளக்கிக்கொண்டே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ஆனால் அவள் முகம் பார்க்கிற டாக்டர் இல்லையே, கால் பார்க்கிறவள். சிவப்பு சிக்னல் நெருங்கியபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். அவருடைய ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது.

அவள் கிளட்சை மட்டும் மிதித்தாள். பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி கோட்டுக்கு முன்னால் அலுங்காமல் குலுங்காமல் போய் நின்றது.

"பாத்தியா, எவ்வளவு அழகா நிறுத்தின!" என்றார் மாஸ்டர்.

"நான் நிறுத்தலையே."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு என்று வைத்திருப்பது. அதன் மேல் அவருடைய கால் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாய் தத்துவம் பேசிக்கொண்டிருக்க, கால் தன் பாட்டுக்கு கற்க வந்த எல்லோருக்கும் பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

"அடப் படுபாவி மனுஷா! பால் உங்க கட்டுப்பாட்டுல இல்ல, குழாய் இல்ல, எங்கம்மா இல்ல. உலகத்துலயே உங்களுக்குன்னு இருந்தது இந்த ஒரு கால்தான். அதையுமா கோட்டை விட்டீங்க?"

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. மாஸ்டரின் குரல் உள்ளே போய்விட்டது.

"பயமா இருக்கும்மா. மத்தது எப்படிப் போனாலும் மனசைத் தேத்திக்கறேன். நீ ஓட்டறப்போ உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? அந்த ஞானிங்க அதுக்கும் பதில் சொல்லியிருக்காங்க. என் மண்டையிலதான் ஏறல."

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷனை எந்தப் பக்கம் அடிப்பது, எந்தப் பக்கம் அணைப்பது? ஆனால் டெஸ்ட் நாளைக்கு. பாசத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத ரோட்டுக்கு வண்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

"ஷூவைக் கழட்டுங்க. சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காருங்க."

"சம்மணமா?"

"ஞானி மாதிரி இருக்கும். உக்காருங்க."

பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை அவள் பிரேக் போட்டதில் மாஸ்டரின் தலை முன்னும் பின்னும் ஆடியது. "லாரி! லாரி!" என்று அலறினார். "அது நிக்கற லாரிங்க" என்றாள். "சுவர்!" என்றார். "சுவர் வந்து மோதாதுங்க. மனசைக் குளம் மாதிரி வெச்சுக்கங்க." வண்டி குதித்தது, முக்கியது, மறுபடி குதித்தது. பாதத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எங்கே நிற்கும் என்று அவள் கால் மெல்லக் கற்றுக்கொண்டது. தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோது வண்டி அவள் சொன்ன இடத்தில், சொன்னபடி நின்றது. மாஸ்டருக்குத்தான் இறங்க முடியவில்லை. மரத்துப்போன இரண்டு கால்களையும் அவளே பிடித்து நீவி நீட்டிவிட்டாள். தொழில் தெரிந்த கை, நல்ல வேளை.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தின் வேலிக்கு வெளியே மாஸ்டர் நின்றார். மனைவி ஒவ்வொரு கோட்டை நெருங்கும்போதும் அவருடைய கால் மண்ணை மிதித்தது. பக்கத்தில் நின்றவர் பூச்சி கடித்ததா என்று கேட்டார். அவள் கடைசிக் கோட்டில் நிறுத்தி இறங்கினாள். இன்ஸ்பெக்டரின் கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. தலையை ஆட்டி, "பாஸ்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் ஸ்பேனரைத் தேடி எடுத்து, குழாயை முறுக்கினார். நின்றுவிட்டது.

அடுத்த வாரம் அவள் கிளினிக் காரில் வந்து அவரை முதல்முறையாக ஏற்றிக்கொண்டாள். சிக்னல் சிவந்தது. அவள் பிரேக்கில் காலை வைத்தாள், வண்டி பதமாக நின்றது. அவர் பக்கம் பிரேக் கிடையாது, வெறும் கால்மிதிதான், அதன் மேல் அவருடைய கால் முழு பலத்தோடு அழுந்தியிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

"தெரியும்" என்றார் மாஸ்டர். காலை மட்டும் எடுக்கவில்லை.