கழலாத டயர்

உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகளில் ஒன்றை என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் சாத்தான்குளத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோதே நான் தலையில் அடித்துக்கொண்டேன். கருப்பட்டி வியாபாரிக்கு எதற்கு ஜீப்? தேரிச் செம்மணல் மேடுகளைத் தாண்டிப் பெரியதாழைக்குச் சரக்குப் போட இனி மாட்டுவண்டிக்காரர் காசிலிங்கத்தின் மோவாயைத் தாங்க வேண்டாமாம்.

காசிலிங்கம் விடுவாரா? கடைவாசலில் பத்துப் பேர் முன்னால் சவால் விட்டார்.

"மாடு இழுக்காம உம்ம ஜீப் பெரியதாழை போய்ச் சேந்துட்டா என் மீசைய எடுக்கேன்வே. மாடு இழுத்தா நீரு எடுக்கணும்."

என் வீட்டுக்காரர் தலையைக் கொடுத்தாலும் கொடுப்பார், மீசையைக் கொடுக்கமாட்டார். கண்ணாடி முன் அதை முறுக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில் நான் ஒரு அண்டா நெல் அவித்துவிடுவேன். எனக்கோ அந்தச் சனியன் தொலைந்தால் தேவலை என்றிருந்தது.

மணலில் ஓட டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். குறைத்தால் டயர் பரந்து மணல்மேல் நிற்கும். ஆனால் திருப்பும்போது ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஒத்திகையில் அதுதான் நடந்தது. உடனே தூத்துக்குடித் துறைமுகத்தில் பாய்லர் வேலை பார்க்கும் கிளாட்வினைக் கூட்டிவந்தார். அவன் இரும்புத் தகட்டில் வளையம் வெட்டி, டயரின் விளிம்பை ரிம்மோடு சேர்த்து நெருக்கி, நாலு சக்கரத்துக்கும் ரிவெட் ஆணி அடித்து இறுக்கினான்.

"போல்ட்டு போடக்கூடாதா? பஞ்சரானா எப்படிக் கழத்துவ?" என்று கேட்டேன்.

"போல்ட்டு ஆட்டத்துல லூசாயிரும்க்கா. ரிவெட்டு கழலுமா? கப்பலே அதுலதான மிதக்கு!"

"ஏளா செண்பகம், உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அடுப்படியில் பாத்திரங்கள் நன்றாகவே உருண்டன.

சொன்ன நாளில் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஜெயிப்பது நிச்சயம் என்று காசிலிங்கம் தன் வண்டியில் நாவிதர் பிச்சையாவையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, தேரியில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. வளையத்தின் பாரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பத்தான் இவர் படாதபாடு பட்டார். டயர் ரிம்மை விட்டு இம்மியும் நகரவில்லை. மணல் முடிந்து கட்டாந்தரை வந்ததும் உடைமுள் குத்தி முன் டயர் இரண்டும் இறங்கின. மாற்றுச் சக்கரம் ஏலத்திலேயே வரவில்லை. டியூபை எடுத்து ஒட்டலாமென்றால் ரிவெட்டை வெட்டும் உளி துறைமுகத்தில் இருக்கிறது.

"கழலாதுல்லா? அப்படியே ஓட்டுதேன்!"

ஓட்டினார். என் பல்லெல்லாம் ஆடியது. வழியெங்கும் டயர் பிய்ந்து விழுந்தது. பெரியதாழை மாதா கோயில் முன்னால் போய் நின்றபோது, வளையம் பிடித்திருந்த விளிம்பு மட்டும் ரிம்மில் பத்திரமாக இருந்தது. டயரின் மீதியைக் காணோம். ஆனாலும் மாடு இழுக்கவில்லை, இவர் ஜெயித்துவிட்டார்.

காசிலிங்கம் பேச்சு மாறாதவர். வண்டி வந்து சேர்ந்ததும் பூவரசமரத்தடியில் பிச்சையா முன்னால் உட்கார்ந்து மீசையை எடுத்துக்கொண்டார். இவர் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டுமே!

"சரிவே, ஜீப்ப ஊருக்கு எப்படிக் கொண்டு போவீரு?" என்றார் காசிலிங்கம், மொட்டை உதட்டோடு.

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. வெறும் ரிம் கோயில் முன்னாலிருந்த கடற்கரை மணலில் புதைந்து கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு வண்டிமாடும் இல்லை.

"உம்ம மாட்டப் பூட்டும். வாடகை என்ன?"

காசிலிங்கம் இவர் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினார். "அதான் வாடகை."

முடியவே முடியாது என்று இவர் குதித்தார். வெயில் ஏறியது. எனக்குப் பொறுமை போயிற்று.

"பிச்சையாண்ணே, கத்திய எடுங்க. இவரு உக்காருவாரு."

உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மெல்லிய உதடு, அதே கோணல். இத்தனை வருஷமும் அந்த மீசைக்குப் பின்னால் என் மாமியார் ஒளிந்திருந்திருக்கிறாள்! ஊர் வந்து சேரும்வரை நான் வாயே திறக்காமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.